மூன்றாவது கோடை

பொருநைக் கரையில் ஒரு பாட்டு மடம் இருந்தது. பத்துப் பதினைந்து புலவர்கள் அங்கே தங்கிப் பாட்டுக் கட்டினார்கள். ஒருவர் பாட்டை ஒருவர் குறை சொன்னார்கள். மடத்து வயலில் விளைந்ததைச் சாப்பிட்டார்கள். பங்குனி முடிவதற்குள் நெற்குதிர் காலியாகிவிடும். புலமை எவ்வளவு இருந்தாலும் சோறு வேண்டுமே. அதனால் கோடைக்கு அவரவர் ஊருக்குப் போய்விட்டு, ஆடியில் ஆறு பெருகும்போது திரும்பி வருவார்கள்.

புறப்படுவதற்கு முந்தின நாள் மாலையில் எல்லோரும் ஏட்டறையில் கூடுவார்கள். கோடையில் என்ன படிக்கப் போகிறேன் என்று ஒவ்வொருவரும் சபையில் சொல்ல வேண்டும். சொன்ன ஏட்டை வாங்கி, முதல் பாட்டை உரக்கப் படித்துக் காட்டி, கட்டி மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். படித்து முடித்தவர் ஏட்டுக் கயிற்றில் ஒரு முடிச்சுப் போடலாம். முடிக்காதவர் போடக் கூடாது.

ஏட்டறைக்கு இரண்டு சட்டங்கள் உண்டு. ஒன்று, உள்ளே விளக்கு ஏற்றக் கூடாது. ஓலையும் தீயும் ஓரிடத்தில் ஆகாது. ஆகவே எடுக்க வேண்டியதைப் பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட வேண்டும். இரண்டாவது, ஒருவர் படித்துக்கொண்டிருக்கும்போது யாரும் குறுக்கே பேசக் கூடாது.

மடத்துப் புலவர்கள் எழுதிய புது ஏடுகளும் அதே பரணில்தான் இருக்கும். மூன்று கோடை யாரும் எடுக்காமல் கிடந்த ஏடு, ஆடிப் பெருக்கன்று ஆற்றோடு போகும். எழுதியவரே எடுத்தால் கணக்கில்லை; ஆற்றில் போனதை அவர் மறுபடி எழுதவும் கூடாது. "ஆள் படிக்காத ஏட்டைக் கரையான் படிக்கும். அதுக்கு ஆறே படிக்கட்டும்" என்று மடத்தை நிறுவியவர் சொல்லிவைத்தாராம். அவருடைய ஏடு எதுவும் ஆற்றில் போனதாகத் தெரியவில்லை.

புது ஏட்டை யாரும் எடுப்பதில்லை என்பதுதான் விஷயம். சபையில் எழுந்து சொல்வதென்றால் பெரிய பெயராகச் சொல்லத்தானே வாய் வரும்? பக்கத்துப் பாயில் படுத்துக் குறட்டை விடுகிறவர் எழுதியதைப் படிக்கப் போகிறேன் என்று சொன்னால் மதிப்பு என்னாவது? தனியாகக் கேட்டால் எல்லோரும் புதியதை வாழ்த்துவார்கள். சபையில் பழையதை எடுப்பார்கள்.

அந்த ஆண்டு மூன்றாவது கோடையைத் தொட்ட ஏடுகள் இரண்டு. ஒன்று சொரிமுத்துவுடையது.

சொரிமுத்து கடற்கரையில் உப்பு வியாபாரம் செய்தவர். ஐம்பதைத் தாண்டிய பிறகு மனைவி ஆவுடை இறந்துபோனாள். கடையை மகனிடம் கொடுத்துவிட்டு மடத்துக்கு வந்து, எதுகை மோனையில் தொடங்கி யாப்புக் கற்றுக்கொண்டார். ஒரே ஒரு நூல் எழுதினார். 'உப்பளப் பாட்டு' என்று பெயர். ஆவுடை கல்யாணத்துக்கு முன் உப்பளத்தில் வேலை செய்தவள். அவள் சொன்ன கதைகள், அவள் திட்டிய திட்டுகள், பாத்தியில் நின்று அவள் பாடியது எல்லாம் அதில் இருந்தன.

மடத்தின் தலைவி உலகம்மை. சொரிமுத்துவைவிடப் பத்து வயது இளையவள். அவர் அவளை அம்மா என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள். பாட்டில் அவள் குரு, வயதில் அவர் மூத்தவர். இரண்டு பேருக்கும் அதில் சங்கடம் ஒன்றும் இருக்கவில்லை.

அன்று காலை உலகம்மை பூச்சி அரிக்காதிருக்க ஓலைகளுக்கு வசம்பு தேய்த்துக்கொண்டிருந்தாள். சொரிமுத்து வந்து நின்றார்.

"அம்மா, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க அண்ணாச்சி."

"என் ஏட்டுல என்ன குறை?"

"தெரியாது."

"தெரியாதுன்னா?"

"நான் படிக்கலையே."

சொரிமுத்துவுக்கு முகம் சுருங்கிவிட்டது. ஏதாவது ஆறுதல் சொல்வாள் என்று எதிர்பார்த்து வந்திருந்தார்.

"ரெண்டு கோடை போயிருச்சு. நீங்களாவது எடுப்பீங்கன்னு நெனைச்சேன்."

"எடுக்கத் தோணலை."

இப்படிப் பட்டென்று சொல்கிறவர்களிடம் மேற்கொண்டு என்ன பேசுவது? ஆனாலும் அவர் போகவில்லை.

"இன்னைக்கு விட்டா ஆத்துக்குத்தான் போகும். அதுல என் ஆவுடை இருக்கா அம்மா. அவ பேசினது பூராவும் அதுல இருக்கு. எனக்கு இப்ப அவ குரல்கூட மறந்துட்டு வருது. அந்த ஏடும் போயிட்டா அவ எங்கயும் இல்ல."

உலகம்மை ஓலையைக் கீழே வைத்தாள்.

"அதை ஒருத்தர் எடுக்கணும்னா நீங்க என்ன செய்யணும்னு கேக்கீங்களா?"

"ஆமா."

"சாயங்காலம் பரண்லருந்து ஏடு எடுத்துக் குடுக்கற வேலையை நீங்க பாருங்க."

"இதுவா பதிலு?"

"இது வேலை" என்று சொல்லிவிட்டு அவள் மறுபடி வசம்பைக் கையில் எடுத்தாள்.

அது மடத்துக்குப் புதிதாக வந்தவர்கள் செய்கிற வேலை. சொரிமுத்து முணுமுணுத்துக்கொண்டே வெளியே வந்தார். வாசலில் அனஞ்சபெருமாள் அவருக்காகக் காத்திருந்தார்.

இரண்டாவது ஏடு இந்த அனஞ்சபெருமாளுடையது. மடத்தில் எல்லோரையும் சிரிக்க வைக்கிறவர் அவர். சொரிமுத்து தம் முதல் பாட்டைச் சபையில் சொன்ன அன்று, "உப்பு வித்தவரு பாட்டு, உப்பில்லாப் பண்டமால்லா இருக்கு!" என்றார். சபை உருண்டு சிரித்தது. அன்றிலிருந்து சொரிமுத்து அவரோடு ஒரே பந்தியில் சாப்பிட்டதில்லை.

"அண்ணாச்சி, சுத்தி வளைக்காமச் சொல்லுதேன். நீரு என்னதை எடும். நான் உம்மதை எடுக்கேன். ரெண்டும் தப்பிச்சிரும்."

"பண்டமாத்து எல்லாம் கடையோட விட்டுட்டு வந்துட்டேன் வே."

"கோவத்தைக் காட்டற நேரமா இது? மூணு மாசத்துல ரெண்டு பேரும் ஆத்தங்கரையில நிக்கப் போறோம்."

"உம்மது ஆத்துல போனா மீனுக்குத்தான் கேடு. என்னதை மனசார எடுக்கறவன் எடுக்கட்டும். உம்ம தயவு எனக்கு வேண்டாம்."

அனஞ்சபெருமாள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மாலையில் சபை கூடியது. ஏட்டறைக்கு மேற்கே ஒரே ஒரு சாளரம். அதன் வழியாக வந்த வெயில் எதிர்ச் சுவரின் அடியில் கிடந்தது. அது மேலே ஏறிக் கூரை மோட்டைத் தொட்டு மறைந்தால் மலைக்குப் பின்னால் பொழுது சாய்ந்துவிட்டது என்று அர்த்தம். சொரிமுத்து பரணுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். கீழ்த்தட்டில் அவருடைய ஏடும் அனஞ்சபெருமாளின் 'கோமாளி மாலை'யும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடந்தன. இரண்டு கயிற்றிலும் ஒரு முடிச்சுகூட இல்லை. அவர் தம்முடையதைக் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

முதலில் எழுந்தவர் சடகோபர். மடத்தில் மூத்தவர்.

"இந்தக் கோடைக்கு மூவுலகப் பெருங்காதை."

சபை மரியாதையோடு தலையசைத்தது. சொரிமுத்து அதை மேல்தட்டிலிருந்து இரண்டு கையாலும் இறக்கினார். அம்மிக்கல் மாதிரி கனத்தது. சடகோபர் ஒவ்வொரு கோடையும் அதைத்தான் சொல்வார், அதைத்தான் தூக்கிக்கொண்டு போவார். சொரிமுத்து கயிற்றைப் பார்த்தார். முடிச்சு ஒன்றும் இல்லை. அவர் பொய் முடிச்சும் போடவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். முதல் பாட்டை மட்டும் அவர் வெகு அழகாகப் படித்தார். எத்தனை வருஷப் பழக்கம்!

அடுத்தவர் நிகண்டு உரை கேட்டார். அதற்கடுத்தவர் ஒரு தல புராணம். குழைக்காதர் அணியிலக்கணம் என்றார். அதைப் போன கோடையிலும் எடுத்தீர்களே என்று யாரோ கேட்டார்கள். "ஆழமாப் படிக்கணும்லா" என்றார் குழைக்காதர்.

ஒவ்வொருவர் எழும்போதும் சொரிமுத்து தம் ஏட்டைப் பார்த்துக்கொண்டார். ஒவ்வொருவர் உட்காரும்போதும் அடுத்தவர் வாயைப் பார்த்தார். உப்பு விற்கப் போனால் மழை, மாவு விற்கப் போனால் காற்று என்று சும்மாவா சொன்னார்கள்? கடையில் நின்ற காலத்தில்கூட அவர் இப்படி வாசலையே பார்த்துக்கொண்டு நின்றதில்லை. வெயில் சுவரில் பாதி ஏறிவிட்டது.

மீரான் எழுந்தார். சபையில் அதிகம் பேசாதவர், நல்ல மனிதர்.

"நான் இந்தத் தடவை..." என்று சொல்லிக் கீழ்த்தட்டைப் பார்த்தார். "புதுசா எழுதினதுல ஒண்ணு படிக்கலாமான்னு யோசிக்கேன்."

சொரிமுத்துவின் கை தானாகக் கீழே போனது. விரல் ஓலையைத் தொட்டுவிட்டது.

சடகோபர் தொண்டையைச் செருமினார். "புதுசுல என்னவே இருக்கு? பழசையே இன்னும் கரைச்சுக் குடிக்கலை."

மீரான் அவரைப் பார்த்தார். சபையைப் பார்த்தார். சொரிமுத்துவை மட்டும் பார்க்கவில்லை.

"அதுவும் சரிதான். யாப்பு உரையே குடுங்க அண்ணாச்சி."

சொரிமுத்து யாப்பு உரையை எடுத்துக் கொடுத்தார். அழுகை வந்தது. ஐம்பத்தைந்து வயதில் சபை நடுவில் அழக் கூடாது என்று அடக்கிக்கொண்டார்.

மிச்சம் மூன்று பேர். அனஞ்சபெருமாள், சொரிமுத்து, கடைசியாக உலகம்மை.

அனஞ்சபெருமாள் எழுந்தார். இருவர் கண்ணும் சந்தித்தன. ஒரு வார்த்தை போதும், ஆவுடை பிழைத்துக்கொள்வாள். ஒரு கணம் சொரிமுத்து காலையில் பேசியதையெல்லாம் திரும்ப விழுங்கிவிடத் தயாராக இருந்தார். ஆனால் அவர்தான் முதலில் கண்ணைத் திருப்பிக்கொண்டார்.

"பெரிய நிகண்டு" என்றார் அனஞ்சபெருமாள்.

எதிரிக்குச் சகுனப் பிழை என்று தன் மூக்கை அறுத்துக்கொள்கிறவர்கள் புலவர்களில் கொஞ்சம் அதிகம். அவர் முதல் பாட்டைப் படித்தபோது குரலில் வழக்கமான குறும்பு இல்லை. கட்டி மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்து உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, உங்க முறை" என்றாள் உலகம்மை.

சொரிமுத்து தமக்கென்று ஒரு பெரிய பெயரை முன்பே முடிவு செய்து வைத்திருந்தார். அதைச் சொல்ல வாய் திறந்தவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். கடையை மூடினாலும் மனசுக்குள் கணக்கு ஓடிக்கொண்டுதானே இருக்கும்? ஆற்றுக்குப் போக இருப்பவை இரண்டு ஏடுகள். எடுக்க மிச்சம் இருப்பவர் அம்மா ஒருத்திதான். இரண்டில் அவள் எதை எடுப்பாளோ, எதையும் எடுக்காமலே விடுவாளோ. அனஞ்சபெருமாளுடையதைத் தாம் எடுத்துவிட்டால் மிச்சம் ஒன்றே ஒன்று. எதிரியின் ஏட்டையே காப்பாற்றிய மனிதனின் ஏட்டைச் சபை பார்த்திருக்க ஆற்றில் விட எந்தக் குருவுக்கு மனசு வரும்?

"கோமாளி மாலை" என்றார்.

சபையில் சலசலப்பு எழுந்தது. அனஞ்சபெருமாள் தலை நிமிர்ந்தார். சடகோபர்கூட, "சபாஷ்" என்று வாய்க்குள் சொன்னார்.

உலகம்மை மட்டும் அசையவில்லை. "எதுக்கு அண்ணாச்சி?"

"உயிரோட இருக்கறவன் எழுதின ஏடு ஆத்துல போகலாமாம்மா? அது பாவம்." கடைசி வரிசைக்கும் கேட்கும்படி சொன்னார்.

"சரி. முதப் பாட்டைப் படிங்க."

வெயில் சுவரின் உச்சிக்குப் பக்கத்தில் வந்திருந்தது. சீக்கிரம் ஒரு பாட்டைப் படித்துவிட்டு உட்கார்ந்தால் அம்மாவுக்கு நேரம் இருக்கும். சொரிமுத்து கயிற்றை அவிழ்த்தார். அவசரமாகத் தொடங்கினார்.

"ஊரார் சிரிக்க உரைத்தேன் பலகதை;
யாரார் சிரித்தார் எனஎண்ணி வீடுவந்தேன்;
தாழ்திறந்த என்மனைவி கேட்டாள்: 'சிரிக்காமல்
ஏழுநாள் ஆயிற்றே ஏன்?'"

கேலிப் பாட்டு வரும் என்று சிரிக்கத் தயாராக இருந்தவர்கள் அப்படியே இருந்தார்கள். சொரிமுத்து ஏட்டை மூட வேண்டும். மூடக் கை போனது. ஏன் என்று அவள் கேட்டுவிட்டாள். அவன் என்ன சொன்னான்?

ஓலையைத் தள்ளினார். அடுத்த பாட்டைப் படித்தார்.

கோமாளி பதில் சொல்லவில்லை. இலையில் உட்கார்ந்து, சோற்றில் உப்பில்லை என்றான். உப்பெல்லாம் இருக்கிறது, உன் நாக்குத்தான் இங்கே இல்லை, எங்கே விட்டுவிட்டு வந்தாய் என்றாள் அவள்.

சொரிமுத்துவுக்குச் சிரிப்பு வந்தது. ஆவுடையும் இப்படித்தான் பேசுவாள். சிரித்த வேகத்திலேயே மூன்றாவது ஓலையைத் தள்ளினார். இப்போது அவர் சபைக்குப் படிக்கவில்லை. குரல் தாழ்ந்துவிட்டது. நின்று படித்தவர் சாளரத்தடியில் உட்கார்ந்துகொண்டு, மங்குகிற வெளிச்சத்துக்கு ஓலையைத் திருப்பிப் பிடித்தார்.

குழைக்காதர் சுவரைப் பார்த்தார். வெயில் மோட்டில் ஒரு விரற்கடை அகலத்துக்கு நின்றது. அவர் உலகம்மையைப் பார்த்தார். படிக்கிறவரைத் தடுக்கக் கூடாது. படித்து முடிக்காமல் அவள் தன் ஏட்டைச் சொல்லவும் முடியாது. அவள் சொல்லாமல் பொழுது சாய்ந்தால் உப்பளப் பாட்டு போய்விட்டது. இது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். சொரிமுத்துவுக்கும் தெரியும், கொஞ்ச நேரத்துக்கு முன்புவரை.

நான்காவது பாட்டு. கோமாளி ஏதேதோ கதை சொல்லி மழுப்புகிறான். அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"அம்மா, இருட்டுது" என்று மீரான் மெல்லச் சொன்னார்.

உலகம்மை விரலை உதட்டில் வைத்தாள்.

பொறுக்க முடியாமல் எழுந்தது அனஞ்சபெருமாள்தான். தம் பாட்டை ஒருவர் இப்படிப் படிப்பதை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை. அதைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருக்க அவருக்கும் ஆசைதான். இருந்தும் சட்டத்தை மீறிக் கிட்டப் போய், சொரிமுத்துவின் தோளைத் தொட்டார்.

"அண்ணாச்சி. போதும் வே, மூடி வையும். உம்ம ஏடு போயிரும்."

சொரிமுத்து நிமிரவில்லை.

"அண்ணாச்சி, உம்மைத்தான். ஆவுடை மதினி ஏடு வே!"

"பொறும் வே" என்றார் சொரிமுத்து எரிச்சலோடு. "அவகிட்ட என்ன சொன்னான்னு பாத்துக்கிடுதேன்."

அனஞ்சபெருமாள் அங்கேயே நின்றுவிட்டார். ஊரைச் சிரிக்க வைக்கிற மனிதருக்கு உதடு துடித்தது.

ஐந்தாவது பாட்டில் கோமாளி காரணத்தைச் சொல்லிவிட்டான். எல்லாவற்றையும் சொன்னான். ஆனால் அவள் இலைக்குப் பக்கத்திலேயே தலை சாய்த்துத் தூங்கிப்போன பிறகுதான் சொன்னான். அவள் கேட்கவில்லை.

சொரிமுத்து ஓலையை மடியில் வைத்தார். அவரும் ஆவுடையிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் அவள் போன பிறகுதானே சொன்னார். பாவி, இது எனக்கு மட்டும்தான் நடந்தது என்றல்லவா இருந்தேன் என்று நினைத்துக்கொண்டார். பக்கத்தில் நின்ற அனஞ்சபெருமாளின் கையைப் பிடித்தார். விடாமல் பிடித்துக்கொண்டே இருந்தார்.

பிறகுதான் அறை எவ்வளவு மங்கியிருக்கிறது என்பதைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். பரணின் கீழ்த்தட்டைப் பார்த்தார்.

"அம்மா... பொழுது போயிருச்சா?"

உலகம்மை சாளரத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். மலை விளிம்பில் சூரியன் இன்னும் ஒரு சிவப்புக் கீற்றாக நின்றது.

"போகலை."

சொரிமுத்து தடுமாறி எழுந்தார். ஏட்டைக் கட்டி இடுக்கிக்கொண்டு பரணுக்குப் பக்கத்தில் போய் நின்றார். என் ஏட்டை எடுங்கள் என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை. காலையில் எவ்வளவு பேசினார்! இப்போது அவர் கேட்டது எடுத்துக் கொடுக்கிற ஆள் கேட்க வேண்டியதை மட்டும்தான்.

"நீங்க எதைப் படிக்கப் போறீங்கம்மா?"

உலகம்மை சொன்னாள்:

"இப்பிடிப் படிக்கிற மனுசன் எழுதினது எதுவோ, அதைக் கொண்டாங்க அண்ணாச்சி."